ஏழாம் நம்பர் மெஷினின் ஆபரேட்டர்

மூடி சரியாக வார்ந்து வருகிறதா இல்லையா என்பதைச் சின்னப்பொண்ணு கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதால் சொல்லிவிடுவாள். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், குளுக்கோஸ் பாட்டிலுக்குப் பிளாஸ்டிக் மூடி செய்யும் அந்தக் கம்பெனியில் பன்னிரண்டு மெஷின்கள் ஒரே நேரத்தில் இரைந்துகொண்டிருக்கும். அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் ஏழாம் நம்பர் மெஷின் ஒரு மூச்சு பிந்தினால் போதும், அவள் தலை சட்டென்று நிமிரும். தூங்குகிற பிள்ளையின் மூச்சு மாறினால் பெற்றவளுக்குத் தெரியாதா என்ன?

பதினாறு வருடம். ஆறு மணி ஷிப்டுக்கு ரெட்டியார்பாளையத்திலிருந்து சைக்கிள் மிதித்து வருவாள். மெஷினின் தலையில் இருக்கும் பெரிய புனலில் பிளாஸ்டிக் குருணையைக் கொட்டுவாள். சூடு ஏறும்வரை காத்திருப்பாள். முதலில் விழும் இருபது மூடிகளைத் தூக்கி எறிந்துவிட்டு, இருபத்தோராவது மூடியின் விளிம்பை ஆள்காட்டி விரலால் தடவிப் பார்ப்பாள். பிசிறு இல்லையென்றால்தான் பெட்டியை நகர்த்தி வைப்பாள். யாரோ ஒரு நோயாளியின் தலைமாட்டில் தொங்கப்போகிற பாட்டில் அது. ஒழுகலாமா?

ஆனால் மெஷினுக்கு மேலே தொங்கிய தகரப் பலகையில் இருந்த பெயர் வேறு. ‘ஆபரேட்டர்: வினோத்குமார்.’

அவள் கழுத்தில் தொங்கிய அட்டையில் ஒரே சொல். ‘ஹெல்பர்.’

வினோத்குமார் கெட்டவன் இல்லை. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு நான்கு வருடத்துக்கு முன்னால் சேர்ந்தவன். அவன் ஒருவன் தலையில் மூன்று மெஷின்களைக் கட்டியிருந்தார்கள். மற்ற இரண்டும் அவனை நாள் முழுக்க ஓடவைத்தன. ஏழாம் நம்பர் பக்கம் அவன் வருவது ஷிப்டு முடியும்போது பதிவேட்டில் கையெழுத்துப் போட மட்டும்தான். “அக்கா இருக்காங்க, அது பாட்டுக்கு ஓடும்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான்.

அந்த இரண்டு சொற்கள் ஆளை எப்படியெல்லாம் பிரித்தன! பதிவேட்டில் ஆபரேட்டர்தான் கையெழுத்துப் போடலாம். ஆயுத பூஜையன்று அவரவர் மெஷினுக்கு முன்னால் அந்தந்த ஆபரேட்டர்தான் பூசணிக்காய் உடைப்பார். சிதறிய துண்டுகளை ஹெல்பர்கள் பெருக்கி அள்ளுவார்கள். மூடி வாங்குகிற மருந்துக் கம்பெனியிலிருந்து தரம் பார்க்கும் ஆடிட்டுக்கு ஆள் வந்தால், ஹெல்பர்கள் அத்தனை பேரையும் பின்பக்கத்துப் பேக்கிங் ரூமில் விட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். ஆபரேட்டர்கள் மட்டும் துவைத்த யூனிபாரத்தில் மெஷின் பக்கத்தில் நிற்பார்கள். சின்னப்பொண்ணு பதினாறு வருடமாக அந்தச் சாத்திய கதவின் உட்பக்கத்தைத்தான் பார்த்திருக்கிறாள்.

போன ஆடி மாதம் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். தீபாவளிக்குப் பிறகு மெஷினில் ஆபரேட்டர்கள் மட்டும்தான் நிற்க வேண்டும், ஹெல்பர்கள் எல்லாரும் பேக்கிங்குக்கு மாற வேண்டும் என்று அதில் இருந்தது. சின்னப்பொண்ணு அதை எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தாள். மூன்றாம் முறை எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. ஏழாம் நம்பரை விட்டுப் போக வேண்டுமா? அவள் நேராக மேனேஜர் சக்கரபாணியின் அறைக்குப் போனாள்.

“இன்னா சின்னப்பொண்ணு?”

“சார், நோட்டீஸ் பாத்தேன். ஏழாம் நம்பர நான்தான சார் ஓட்டிக்கினு இருக்கேன்? என்னையும் ஆபரேட்டர்னு போட்டுடுங்க சார்.”

சக்கரபாணி பேனாவைக் கீழே வைத்தார். அவருக்கு எதிரில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஆபரேட்டரா? நீ ஏழாவதோட நின்னவதான? ஆபரேட்டர்னா இன்னா அர்த்தம்னு தெரியுமா ஒனக்கு?”

அவள் கழுத்து அட்டையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.

“தெரியாதுல்ல? போயி அர்த்தம் தெரிஞ்சிக்கினு வா. அப்பறமா பேசலாம்.”

எதிரில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளோடு சைக்கிளில் ஏறி ரெட்டியார்பாளையம் வரைக்கும் வந்தது.

வீட்டில் மகள் சுடர்விழி கல்லூரியிலிருந்து அப்போதுதான் வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வாசலில் புருஷன் கிருஷ்ணசாமி லோடு ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தான்.

“சுடரு, ஆபரேட்டர்னா இன்னாடி அர்த்தம்?”

“இன்னாம்மா இது! கேபிள் ஆபரேட்டர், பொக்லைன் ஆபரேட்டர், தண்ணி டேங்க் ஆபரேட்டர்... ஊரு பூரா ஆபரேட்டருதான். ஒனக்குத் தெரியாதா?”

“கூப்புடறது தெரியும்டி. அந்த வார்த்தைக்கு உள்ள இன்னா இருக்குது? அத பாத்து சொல்லு.”

சின்னப்பொண்ணு மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னாள். சுடர்விழியின் முகம் சிவந்துவிட்டது. செல்போனில் அகராதியைத் திறந்தாள்.

“ஒரு எந்திரத்த இயக்கறவங்க. அவ்ளோதான்மா போட்டிருக்கு.”

“படிச்சிருக்கணும்னு போட்டிருக்குதா?”

“இல்ல.”

“கையெழுத்துப் போடறவங்கன்னு?”

“இல்லம்மா.”

“நல்லா பாரு.”

“மூணு வாட்டி பாத்துட்டேன். ஓட்டறவங்கதான் ஆபரேட்டர்.” சுடர்விழி விரலால் திரையைத் தள்ளினாள். “எங்கேர்ந்து வந்துதுன்னுகூட இருக்குது. லத்தீன்ல ஓபஸ்னா வேலை. அதுலேர்ந்துதான் இது பொறந்துது. டாக்டருங்க பண்றாங்களே ஆபரேஷன், அதுவும் அதே வேருதான். வெளிநாட்டுல பாடிக்கினே நடிக்கிறாங்களே ஓபரா, அதுவும்.”

“எல்லாம் வேலைதானா?”

“எல்லாம் வேலைதான்.”

“அப்ப ஹெல்பரு?”

“அது இங்கிலீஷ்காரங்களோட பழைய சொந்த வார்த்தை. ஒதவி பண்றவங்க.”

“நான் யாருக்குடி ஒதவி பண்றேன்?” என்று கேட்டாள் சின்னப்பொண்ணு. “மெஷினத் தொறக்கறது நான், ஓட்டறது நான், மூடறது நான். யாருக்கு ஒதவி?”

அதற்கு எந்த அகராதியில் பதில் இருக்கிறது? சுடர்விழி அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் திரையையே பார்த்தாள். “பிரெஞ்சுலகூட இதே வேர்ல ஒரு வார்த்தை இருக்குதாம்மா. உ... வ்... ரியேர். வேலை செய்யறவங்கன்னு அர்த்தமாம்.”

வாசலில் தண்ணீர் சத்தம் நின்றது.

“உவ்ரியேன்னு சொல்லு” என்றான் கிருஷ்ணசாமி. “கடைசி ர் வராது.”

ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். இரும்புப் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட பழுப்பு அட்டை ஒன்றை எடுத்தான். இந்த ஊரைப் பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் அவன் அப்பா மில்லில் வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த அட்டை. அம்மாவாசை என்ற பெயருக்குப் பக்கத்தில், மை மங்கி, அதே சொல். கீழே ஒரு கைநாட்டு.

“மில்லுக்காரன் எங்கப்பன மனுசனா மதிச்சானான்னு கேட்டா, இல்ல. ஆனா இன்னா வேலை செய்யறான்னு மட்டும் சரியா எழுதிக் குடுத்தான்” என்றான் கிருஷ்ணசாமி. “கைநாட்டு வச்ச மனுசன் உவ்ரியே. ஏழாவது படிச்ச ஒனக்கு அதுகூட இல்லையா?”

சின்னப்பொண்ணு அந்த அட்டையை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டாள். அடக்கி வைத்திருந்தது எல்லாம் அப்போதுதான் உடைத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை அவள் மேனேஜர் அறைக்கு முன்னால் நிமிர்ந்து நின்றாள்.

“சார், அர்த்தம் தெரிஞ்சிக்கினு வந்துட்டேன்.”

பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். லத்தீன் வேலை, அதில் பிறந்த பிரெஞ்சு வேலைக்காரன், எந்திரத்தை இயக்குகிறவர், எதையும் விடவில்லை. சக்கரபாணி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நல்லாத்தான் படிச்சிருக்கே. ஆனா அது டிக்‌ஷனரி. இது கம்பெனி. இங்க நாங்க யார ஆபரேட்டர்னு கூப்புடறமோ அவங்கதான் ஆபரேட்டர். போ, போயி வேலையப் பாரு.”

மெஷினுக்குத் திரும்பி நடக்கும்போது, அவர் சொன்னதில் ஒரு பொல்லாத உண்மை இருப்பது அவளுக்கே புரிந்தது. ஒரு சொல்லின் அர்த்தத்தைப் புத்தகம் சொல்லும், பிறந்த ஊரைக்கூடச் சொல்லும். அதை யார் தலையில் சூட்டுவது என்பதை மனிதர்களின் வாய்தானே முடிவு செய்கிறது? அந்த வாய்களை அவள் எப்படித் திறப்பாள்?

ஆவணியும் போனது. புரட்டாசி பிறந்து நாலாவது நாள் ஆடிட்.

மருந்துக் கம்பெனியிலிருந்து சிவசங்கரி என்ற இன்ஜினியர் வருகிறார் என்று சொன்னார்கள். இரண்டு நாளாகத் தரையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள். ஏழாம் நம்பரில் மட்டும் ஒரு தொல்லை. குளிர்ந்த தண்ணீர் வருகிற ரப்பர் குழாய், இணைப்பில் சொட்டிக்கொண்டே இருக்கும். புதுக் குழாய் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், சின்னப்பொண்ணு இரண்டு வருடமாக அதன் அடியில் ஒரு நீல வாளியை வைத்திருந்தாள். நிறைய நிறையக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவாள்.

“இந்த வாளியத் தூக்கு மொதல்ல” என்றார் சக்கரபாணி. “வர்றவங்க பாத்தா மானம் போயிடும்.”

“சார், தண்ணி தரையில ஓடும்...”

“அத நான் பாத்துக்கறேன். நீ பேக்கிங் ரூமுக்குப் போ.”

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு மற்ற ஹெல்பர்களோடு போனாள். கதவு சாத்தப்பட்டது.

பத்து நிமிடத்தில் தரையில் தண்ணீர் கோடு போட்டது. சக்கரபாணி சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, குனிந்து, தன் கையாலேயே குழாயின் திருகை மூடினார். தரை காய்ந்தது. அவர் முகமும் தெளிந்தது. புனலின் கழுத்தைக் குளிர வைப்பதற்குத்தான் அந்தத் தண்ணீர் என்பது பாவம், அந்த அவசரத்தில் அவர் நினைவுக்கு வரவில்லை.

பேக்கிங் ரூமில் சின்னப்பொண்ணு மூடிகளை எண்ணிப் பைகளில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் போயிருக்கும். திடீரென்று அவள் கை நின்றது.

“இன்னாக்கா?” என்றாள் பக்கத்தில் இருந்த தாமரைச்செல்வி.

“ஏழாம் நம்பருக்கு மூச்சு முட்டுது.”

“ஒனக்கு மட்டும் எப்பிடித்தான் கேக்குதோ! சும்மா இருக்கா. நம்மள வெளிய பாத்தா அந்தாளு கத்துவாரு.”

கதவுக்கு அந்தப் பக்கம், சிவசங்கரி ஏழாம் நம்பரின் முன்னால் நின்றிருந்தார். மூடிகள் அரைகுறையாக விழுந்துகொண்டிருந்தன. எலி கடித்த மாதிரி ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தைக் காணோம். வினோத்குமார் அழுத்தத்தைக் கூட்டினான். சூட்டை ஏற்றினான். இன்னும் மோசமாகி, கடைசியில் வெறும் காற்றுத்தான் வந்தது. அவன் நெற்றியிலிருந்து வியர்வை பட்டனின் மேல் சொட்டியது.

“இந்த மெஷினுக்கு ஆபரேட்டர் யாருங்க?” என்று கேட்டார் சிவசங்கரி.

“இவர்தான் மேடம்” என்று முந்திக்கொண்டார் சக்கரபாணி. “ஐ.டி.ஐ. முடிச்சவரு.”

வினோத்குமார் தலைக்கு மேலே தொங்கிய பலகையில் தன் பெயரைப் பார்த்தான். மேஜை மேல் விரிந்து கிடந்த பதிவேட்டில் தன் கையெழுத்துகளைப் பார்த்தான். பக்கம் பக்கமாக, வரிசை வரிசையாக அவன் கையெழுத்து. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

“இல்லைங்க மேடம்” என்றான். “கையெழுத்துதான் என்னுது. ஆபரேட்டர் பேக்கிங் ரூம்ல இருக்காங்க.”

“டேய்!” என்றார் சக்கரபாணி.

“கூப்பிடுங்க அவங்கள” என்றார் சிவசங்கரி.

வினோத்குமார் ஓடிப்போய்க் கதவைத் தள்ளித் திறந்தான். பன்னிரண்டு மெஷின் ஓடுகிற கொட்டகையே அதிரும்படி கத்தினான்.

“அக்கா! ஏழாம் நம்பர் ஆபரேட்டர மேடம் கூப்புடறாங்க! வாங்கக்கா!”

சின்னப்பொண்ணு திரும்பித் தன் பின்னால் பார்த்தாள். வேறு யாரையோ கூப்பிடுகிறான் என்றுதான் நினைத்தாள்.

“ஒன்னத்தான்க்கா, போ!” என்று தாமரைச்செல்வி முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

நீல வாளியோடு அவள் வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. மெஷினின் மேல் காது வைத்தாள். புனலின் கழுத்தருகே உள்ளங்கையைக் கொண்டுபோய், சுட்டதும் இழுத்துக்கொண்டாள். குனிந்து திருகைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“தண்ணி நின்னுபோச்சுங்க மேடம். கழுத்து சூடேறி, குருணை இளகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு நிக்குது. கீழ எறங்கல. அதான் மூடி ரொம்பல.”

மெஷினை நிறுத்தினாள். திருகைத் திறந்து, சொட்டுகிற இடத்தில் வாளியை வைத்தாள். கழுத்து ஆறும்வரை யார் அவசரப்படுத்தியும் அசையவில்லை. பிறகு பித்தளைக் கம்பியை எடுத்தாள்.

“ஏன் பித்தளை?” என்று கேட்டார் சிவசங்கரி.

“இரும்பு விட்டா உள்ள இருக்கற ஸ்குரு கீறிக்குங்க.”

இரண்டு குத்து. மூன்றாவது குத்தில் உள்ளே கட்டிக்கொண்டிருந்தது உடைந்து, குருணை சடசடவென்று இறங்கியது. அவள் பட்டனை அழுத்தினாள். இருபது மூடிகளைத் தூக்கி எறிந்தாள். இருபத்தோராவது மூடியின் விளிம்பை விரலால் தடவி, சிவசங்கரியின் கையில் வைத்தாள்.

முழு மூடி. பௌர்ணமி மாதிரி.

“குழாய யார் மூடினது?” என்று கேட்டார் சிவசங்கரி. சக்கரபாணியின் முகத்தில் ரத்தமே இல்லை.

பழி தீர்க்க இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? அவள் ஒரு பெயரைச் சொன்னால் போதும். சொல்லவில்லை.

“தரை ஈரமாவுதுன்னு மூடிட்டாங்க போல மேடம். வாளிய எடுக்காம இருந்தா போதும்.”

“வாளி வேணாம். குழாய மாத்துங்க” என்றார் சிவசங்கரி. ஆபரேட்டர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் பதிவேட்டைப் புரட்டினார். “வைகாசியில இந்தத் தம்பிக்குக் கல்யாண லீவு, பதினஞ்சு நாள்னு போட்டிருக்கு. அப்பவும் மெஷின் ஓடியிருக்கு. வீணான மூடி ரொம்பக் குறைஞ்ச பதினஞ்சு நாள் அதுதான். ஆபரேட்டர் கட்டம் மட்டும் காலியா இருக்கு. யார் ஓட்டினது?”

“நான்தாங்க.”

“உங்க பேரு?”

“சின்னப்பொண்ணு.”

“இன்னிக்கி மெஷின நிறுத்தினதும் ஓட்டினதும் நீங்க. இங்க கையெழுத்துப் போடுங்க.” அவர் விரல் வைத்த இடம், ஆபரேட்டர் என்று அச்சிட்ட கட்டம். பிறகு சக்கரபாணியிடம் திரும்பினார். “என் ரிப்போர்ட்ல இவங்க பேரத்தான் எழுதப்போறேன் சார். உங்க ரெக்கார்டும் அதையே சொல்லணும். முறைப்படி டெஸ்ட் வெக்கணும்னா வெச்சுக்குங்க. நான் இப்ப பாத்ததைவிடப் பெரிய டெஸ்ட் இருக்குமான்னு தெரியல.”

“சரிங்க மேடம்” என்றார் சக்கரபாணி.

அவள் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுந்தது. பதினாறு வருடமாக அவளுக்குப் பூட்டிக்கிடந்த கட்டத்துக்குள் அவள் பெயர் உட்கார்ந்தது.

அடுத்த வாரம் டெஸ்ட் வைத்தார்கள். அரை மணியில் முடித்துவிட்டாள். கழுத்து அட்டை மாறியது. டீ கொண்டுவருகிறவர் “ஆபரேட்டரம்மா, டீ” என்றார். முதல் இரண்டு நாள் அவள் திரும்பவே இல்லை, டீ ஆறிப்போனது.

ஆயுத பூஜை வந்தது. மெஷின்களுக்குச் சந்தனம் பூசி, பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டினார்கள். குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தன. கிருஷ்ணசாமி லோடு ஆட்டோவுக்கும் மாலை போட்டு, சுடர்விழியை உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு வந்தான். சின்னப்பொண்ணு பழக்க தோஷத்தில் துடைப்பத்தோடு நின்றிருந்தாள்.

மெஷின் மெஷினாகப் பூசணிக்காய் உடைத்துக்கொண்டு வந்தார்கள். ஏழாவதுக்கு முன்னால் ஊர்வலம் நின்றுவிட்டது.

“பொம்பள பூசணிக்கா ஒடைக்கறதா? எங்கயாச்சும் உண்டா?” என்றார் மூன்றாம் நம்பர் ஆபரேட்டர் மதிவாணன். “வினோத்து, நீ ஒடச்சிட்டுப் போடா.”

எல்லாருடைய கண்ணும் சக்கரபாணியின் பக்கம் திரும்பியது. அவர் கையில் கற்பூரத் தட்டு எரிந்துகொண்டிருந்தது. சின்னப்பொண்ணுவின் கண்கள் தரையைப் பார்த்தன. ஒரு சொல்லை எடுத்துக்கொடுத்தவர்களே இப்போது பறித்துக்கொள்வார்களா?

“மதிவாணா” என்றார் சக்கரபாணி. “நம்ம கம்பெனி வழக்கம் இன்னா? மெஷினுக்கு முன்னால யாரு ஒடைக்கணும்?”

“ஆபரேட்டருதான்...”

“ஏழாம் நம்பருக்கு ஆபரேட்டர் யாரு?”

மதிவாணன் தலையைச் சொறிந்தார். வேறு வழியில்லை. “இந்தம்மாதான்.”

“அப்ப தள்ளி நில்லு.” அவர் திரும்பினார். “வாங்க ஆபரேட்டரம்மா.”

வாங்க! பதினாறு வருடத்தில் அந்த வாயிலிருந்து அவளுக்கு வந்த முதல் ‘வாங்க’. அர்த்தம் தெரிந்துகொண்டு வா என்று விரட்டிய அதே வாய்!

“அக்கா, தொடப்பத்த இப்பிடிக் குடுங்க. இன்னிக்கி நான் பெருக்கறேன்” என்று வினோத்குமார் கை நீட்டினான்.

“மூலையில விட்டுடாத தம்பி. நாங்க பாத்துக்கினுதான் இருப்போம்” என்றாள் தாமரைச்செல்வி. கொட்டகையே சிரித்தது.

சின்னப்பொண்ணு முந்தானையை இழுத்துச் செருகினாள். கற்பூரம் எரிகிற பூசணிக்காயைத் தலைக்கு மேலே தூக்கி, மெஷினை மூன்று சுற்றுச் சுற்றினாள். பின் ஓங்கி, பதினாறு வருடத்தையும் சேர்த்துத் தரையில் அடித்தாள்.

குங்குமத் தண்ணீர் மேலே தெறித்து, புதிதாக மாட்டிய பலகையில் பொட்டு வைத்தது. அவள் முந்தானையால் துடைக்கப் போனாள்.

“தொடைக்காதம்மா, இருக்கட்டும்” என்றாள் சுடர்விழி. பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி அந்தப் பலகையைப் படித்தாள். “ஆபரேட்டர்: கி. சின்னப்பொண்ணு.”

கிருஷ்ணசாமி சட்டைப் பையிலிருந்து அந்தப் பழுப்பு அட்டையை எடுத்து, ஒரு ஓரத்தில் சந்தனம் தொட்டு, மெஷினின் காலடியில் சாய்த்து வைத்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

பொரியும் கடலையும் பங்கு போடுகிற நேரம். குழாய் மாற்றியதிலிருந்து சும்மா இருந்த நீல வாளியைச் சின்னப்பொண்ணு தேய்த்துக் கழுவி, அதில்தான் பொரியை நிரப்பி வைத்திருந்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு முதலில் சக்கரபாணியிடம் போனாள்.

“ரெண்டு கையயும் நீட்டுங்க சார்” என்றாள்.

அவர் நீட்டினார். அவள் அள்ளி அள்ளி வைத்தாள்.